மேவன் சென்ட்ரல்: கொடுப்பவருக்குப் பாடு, எடுப்பவருக்குச் சுகம்

திருகோணமலையில் கும்பாபிஷேக மலரோ பாடசாலை ஆண்டு மலரோ தொகுக்க முனைகிற எவரும், பாமினி எழுத்துருவில் தட்டச்சான பழைய கோப்புகளோடு ஒரு கட்டத்தில் மல்லுக்கட்டத்தான் வேண்டும். பாமினியில் "தமிழ்" என்று திரையில் தெரிகிற சொல், கணினிக்குள்ளே ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகக் கிடக்கிறது. எழுத்துருவை மாற்றிய அடுத்த கணமே அது எவருக்கும் விளங்காத கோலமாகிவிடும். "கோணேஸ்வரம்" என்ற சொல்லின் முதலெழுத்துக்குப் பாமினியில் கொம்பு, ககரம், கால் என்று மூன்று விசைகளை அழுத்த வேண்டும். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடிலோ ககரமும் அதன் பின்னே ஓகாரக் குறியுமாக இரண்டே குறியீடுகள். இந்த இடமாற்றத்தைச் சரியாகச் செய்து தரும் சிறிய ஜாவா லைப்ரரி (பிற நிரல்கள் சேர்த்துக்கொள்ளத்தக்க நிரல் தொகுப்பு) ஒன்றைச் சில ஆண்டுகளாக எழுதிப் பராமரித்து வருகிறேன். அதைத் திறந்த மூலமாக வெளியிட்டு, கிண்ணியாவிலோ மூதூரிலோ இருக்கிற ஒரு மாணவர் தம் செயலியில் சேர்த்துக்கொள்ளும் அளவுக்குக் கொண்டுசெல்ல நான் பயன்படுத்திய, நிரலைத் தொகுத்துக் கட்டும் மேவன், கிரேடில் என்ற இரு கருவிகளையும், மேவன் சென்ட்ரல் என்ற லைப்ரரிகளின் பொதுக் களஞ்சியத்தையும் இங்கே மதிப்பிடுகிறேன். மெல்லிய இணைப்போடும் எண்ணிச் செலவிடும் டேட்டாவோடும் இருக்கிற ஒருவருக்கு இவை எவ்வளவு உதவும் என்பதே நான் வைத்துக்கொண்ட அளவுகோல்.

முதல் இரண்டு ஆண்டுகள் லைப்ரரியைக் கட்டிய ஜார் கோப்பைப் பென் டிரைவில்தான் கொடுத்துவந்தேன். வாங்கிச் சென்றவர் அதைத் தம் திட்டத்தின் "லிப்" கோப்புறைக்குள் போடுவார், ஓடாது. வேர்ட் கோப்புகளைத் திறந்து படிப்பதற்கு என் லைப்ரரி அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் பிஓஐ என்ற லைப்ரரியை நம்பியிருப்பதுதான் காரணம். (அப்பாச்சி என்றால் நமக்குத் தகப்பனைப் பெற்றவள், பிஓஐ என்பதைச் சேர்த்து வாசித்தால் "பொய்". "அப்பாச்சி பொய்யைத் தரவிறக்குங்கோ" என்று வகுப்பில் நான் சொன்ன அன்று பாடம் அரைமணி நேரம் நின்றுபோனது.) பிஓஐயோ எக்ஸ்எம்எல்பீன்ஸ், கொமன்ஸ் கொம்பிரஸ், கொமன்ஸ் ஐஓ, லொக்ஃபோர்ஜே ஏபிஐ என்று தன் பரிவாரத்தையும் அழைத்துக்கொண்டு வருகிறது. அவை அத்தனையையும் சரியான பதிப்பு எண் பார்த்துச் சேர்த்துக் கொடுத்தாலும், அடுத்த மாதம் நான் ஒரு வழுவைத் திருத்தினால், யார் யாரிடம் பழைய கோப்பு இருக்கிறது என்று அறிய வழியில்லை. "புதியது", "புதியது2", "கடைசி", "உண்மையான கடைசி" என்ற பெயர்களில் நான்கு ஜார் கோப்புகள் ஒரே அச்சகத்தின் கணினியில் கிடந்ததை என் கண்ணால் கண்ட பிறகுதான், இந்த முறைக்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்று தோன்றியது.

2004இல் முதற்பதிப்பு கண்ட மேவன் இந்தச் சிக்கலுக்குத் தருகிற விடை எளிமையானது. ஒவ்வொரு ஜார் கோப்புக்கும் மூன்று பகுதிகள் கொண்ட ஒரு முகவரி உண்டு: வெளியிடுகிறவரைக் குறிக்கும் குழுப் பெயர், பொருளின் பெயர், பதிப்பு எண். தேவைப்படுபவர் தம் திட்டத்தின் விவரங்களை எழுதும் பொம் கோப்பில் இந்த மூன்றையும் எழுதிவிட்டால் போதும். மேவன் அந்தக் கோப்பைக் களஞ்சியத்திலிருந்து எடுத்து, அதன் பொம் கோப்பை வாசித்து, அது நம்பியிருக்கிற மற்றவற்றையும் தேடி எடுத்துக்கொள்ளும். ஒருமுறை எடுத்தது கணினியில் டொட் எம்2 என்ற மறைந்த கோப்புறைக்குள் தங்கிவிடும். அடுத்த திட்டத்துக்கு அதையே பயன்படுத்தும். உவர்மலையில் ஒரு வீட்டு இலக்கம் தெரிந்தால் தபால்காரர் வந்து சேர்வதைப்போலத்தான் இதுவும். வீட்டுக்காரரின் உறவினர் யார் யார் என்று கடிதம் எழுதுகிறவர் அறிந்திருக்கத் தேவையில்லை.

மேவனின் கட்டளைப் பெயர்களைப் பற்றி ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். "எம்விஎன் இன்ஸ்டால்" என்ற கட்டளையை முதன்முதலில் காண்கிற எவரும், கணினியில் மென்பொருளை நிறுவுவதைத்தான் அது செய்யப்போகிறது என்று நினைப்பார்கள். உண்மையில் அது செய்வது, உங்கள் நிரலைத் தொகுத்து, சோதனைகளை ஓட்டி, ஜார் கோப்பாகக் கட்டி, உங்கள் கணினியிலுள்ள டொட் எம்2 கோப்புறைக்குள் ஒரு பிரதி வைப்பது மட்டுமே. பிறர் எடுக்கக்கூடிய இடத்துக்கு அனுப்புவது "டிப்ளோய்" என்ற அடுத்த கட்டம். என்னிடம் படிக்கிற ஒரு பிள்ளை ஒருநாள் மிகுந்த மகிழ்ச்சியோடு வந்து, "சேர், இன்ஸ்டால் எண்டு அடிச்சிட்டன், பில்ட் சக்சஸ் எண்டும் வந்திட்டுது. இப்ப கிண்ணியாவில இருக்கிற என்ர கூட்டாளியும் எடுக்கலாமோ?" என்று கேட்டார். "இல்லைத் தம்பி, அது உங்கட மெஷினுக்குள்ளதான் கிடக்குது" என்று சொன்னபோது அவர் முகம் வாடிப்போனதை நான் மறக்கவில்லை. ஆனால் அந்தக் கட்டளைக்கு இன்னொரு பயனுண்டு: லைப்ரரியையும் அதைப் பயன்படுத்தும் செயலியையும் ஒரே கணினியில் வைத்துச் சோதிக்கிறபோது, வெளியுலகுக்கு எதையும் அனுப்பாமலே மெய்யான முகவரியோடு சேர்த்துப் பார்க்கலாம். களஞ்சியத்தில் இல்லாத, ஒருவர் கையால் கொடுத்த ஜார் கோப்பைக்கூட "இன்ஸ்டால் ஃபைல்" என்ற துணைக் கட்டளையால் முகவரி கொடுத்து உள்ளே வைக்கலாம். பென் டிரைவ் காலத்திலிருந்து மீண்டு வருகிறவருக்கு அது நல்ல முதற்படி.

இனி டேட்டாச் செலவு. இதைப் பற்றி விரிவாகவே எழுத வேண்டும். ஏனெனில் ஆங்கிலத்தில் வருகிற கையேடுகள் இதை ஒரு பொருட்டாகவே கருதுவதில்லை. புதிதாக மேவனை ஏற்றிய ஒருவர் பத்து வரி நிரலைத் தொகுக்கும்போதுகூட, தொகுப்பதற்கான செருகி (பிளகின்), சோதனைக்கான செருகி, ஜார் கட்டுவதற்கான செருகி, அவை ஒவ்வொன்றும் நம்பியிருக்கிற சார்புகள் என்று பல கோப்புகளை அது தரவிறக்கம் செய்யத் தொடங்கும். இரண்டாம் முறை இந்தச் செலவு இல்லை. ஆனால் முதல் முறை நடுவழியில் இணைப்பு அறுந்தால் வருகிற தொல்லை வேறு விதமானது: எடுக்க முடியாமற்போன கோப்பின் பெயரில் "லாஸ்ட் அப்டேட்டட்" என்று முடியும் ஒரு குறிப்பை மேவன் எழுதி வைத்துக்கொண்டு, இணைப்பு மீண்ட பிறகும் குறித்த கால இடைவெளி கடக்கும் வரை அந்தக் கோப்பை மறுபடி தேட மறுத்துவிடும். மாரிகாலத்தில் மின்வெட்டும் இணையமும் மாறி மாறிப் போய்வருகிற ஒரு மாலையில், இணைப்பு திரும்பி ஒரு மணி நேரமான பின்னும் அதே பிழைச் செய்தியைப் பார்த்துக்கொண்டு, களஞ்சியமே இயங்கவில்லை என்று நம்பியிருந்தேன். கட்டளையோடு "-யூ" என்ற பெரிய எழுத்துக் குறியைச் சேர்த்தால் மேவன் பிடிவாதத்தை விட்டு மறுபடி தேடும் என்பதை அன்று அறிந்திருந்தால் இரவுச் சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிட்டிருப்பேன். இதே போல, தரவிறக்கிய கோப்பு சிதைந்திருந்தால் மேவனின் மூன்றாம் தலைமுறைப் பதிப்புகள் வழக்கமாக எச்சரிக்கை ஒன்றை மட்டும் காட்டிவிட்டுத் தொடரும். "-சி" என்ற பெரிய எழுத்துக் குறியைச் சேர்த்தால்தான் வேலையை நிறுத்தும். நம் இணைப்புகளுக்கு அதுவே உகந்தது.

பென் டிரைவை நான் முற்றாகக் கைவிட்டுவிடவில்லை. அதன் வேலை மாறிவிட்டது. வகுப்புக்கு வருகிற இருபது பேரும் ஒரே கோப்புகளை இருபது முறை தரவிறக்கினால் அந்த மாதத்துக்கான டேட்டா அன்றோடு தீர்ந்துவிடும். ஆகவே களஞ்சியக் கோப்புறையின் இடத்தைக் குறிக்கிற அமைப்பைப் பயன்படுத்தி வெறுமையான புதுக் கோப்புறை ஒன்றைக் காட்டி, ஒரு மாதிரித் திட்டத்தைச் சோதனைகள் உட்பட முழுமையாக ஒருமுறை கட்டி, அந்தக் கோப்புறையை அப்படியே பிரதி எடுத்துக் கொடுக்கிறேன். அதன்பின் "-ஓ" என்ற குறியோடு இணையமின்றியே கட்டலாம். இதற்கென்றே "கோ ஆஃப்லைன்" என்ற தனிக் கட்டளை இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. அது பெரும்பாலானவற்றை எடுத்து வைக்கும். ஆனால் சோதனைகளை ஓட்டும் செருகி, எந்தச் சோதனைக் கருவி பயன்படுகிறது என்பதை ஓடுகிற வேளையில்தான் கண்டறிந்து அதற்கான துண்டைத் தேடும் என்பதால், இணையமில்லாத வகுப்பறையில் சரியாக அந்த இடத்தில் கை விரித்துவிடும். முழுமையாக ஒருமுறை கட்டிப் பார்ப்பதே நம்பகமானது. பிரதி எடுத்துக் கொடுக்கிறவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: எந்தக் களஞ்சியத்திலிருந்து வந்தது என்ற குறிப்பை ஒவ்வொரு கோப்புக்கும் அருகில் மேவன் எழுதி வைக்கிறது. வாங்குகிறவரின் கணினியில் களஞ்சியத்துக்கு வேறு பெயர் இட்டிருந்தால், கோப்பு கண்ணெதிரே இருந்தும் இல்லை என்று சாதிக்கும்.

கிரேடில் 2012இல் 1.0 பதிப்பைக் கண்டது. ஆண்ட்ராய்டு செயலி எழுதுகிற எல்லோரும் இன்று அதன் வழியேதான் வருகிறார்கள் என்பதால், நம் ஊர் இளைஞர் பலருக்கு மேவனைவிட அதுவே பழக்கம். பொம் கோப்பின் நீளமான குறிச்சொற்களுக்குப் பதிலாகச் சுருக்கமான நிரலில் எழுதலாம். மாறாத பகுதிகளை மறுபடி தொகுக்காமல் விடுவதால் பெரிய திட்டங்களில் நேரம் மிச்சமாகும். மேவன் சென்ட்ரலில் உள்ளவற்றை அதுவும் அப்படியே எடுத்துக்கொள்ளும் என்பது வெளியிடுகிறவருக்குப் பெரிய ஆறுதல்: ஒரே பொருளை ஒருமுறை அனுப்பினால் இரு சாராருக்கும் போதும். ஆனால் என் அளவுகோலால் பார்த்தால் கிரேடிலுக்குக் குறைவான புள்ளிகளே கொடுப்பேன். ஒவ்வொரு திட்டத்தோடும் வருகிற "ரேப்பர்" என்ற சிறு நிரல், அந்தத் திட்டம் கேட்கிற கிரேடில் பதிப்பை முழுமையாகத் தரவிறக்குகிறது. அது ஒவ்வொன்றும் நூறு மெகாபைட்டைத் தாண்டும். மூன்று நண்பர்களின் திட்டங்களைத் திறந்து பார்க்க மூன்று கிரேடில்கள் வேண்டியிருந்த நாட்கள் உண்டு. தரவிறக்கியவற்றை அது சேர்த்து வைக்கும் தேக்ககக் கோப்புறையையும் பிரதி எடுத்துக் கொடுக்கலாம்தான், 6.1 பதிப்பிலிருந்து அதற்கு இடமுண்டு. ஆனால் பூட்டுக் கோப்புகளைத் தேடி நீக்கிவிட்டே கொடுக்க வேண்டும், உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்து அறிவதும் அவ்வளவு எளிதன்று. மேவனின் கோப்புறையோ அலுமாரியில் அடுக்கிய புத்தகம்போல் பெயர், பதிப்பு என்று வரிசையாகத் தெரியும். ஒரே லைப்ரரியின் இரு பதிப்புகள் மோதும்போது மேவன் நம் திட்டத்துக்கு நெருங்கிய உறவாக இருப்பதையும், கிரேடில் உயர்ந்த பதிப்பு எண் உள்ளதையும் தேர்ந்தெடுக்கும் என்பதை மட்டும் இரண்டையும் கலந்து பழகுகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

எடுப்பவரின் பக்கம் இவ்வளவு. கொடுப்பவரின் பக்கத்துக்கு வந்தால் மேவன் சென்ட்ரலின் முகமே வேறு. சோனாடைப் என்ற நிறுவனம் நடத்துகிற இந்தக் களஞ்சியத்தில் திறந்த மூல லைப்ரரிகளை வெளியிடக் கட்டணமில்லை. ஆனால் வாசலில் கேட்கப்படுகிற ஆவணங்கள், பிறப்புச் சான்றிதழ் பிரதி எடுக்க அரச அலுவலகமான கச்சேரிக்குப் போன நினைவைக் கொண்டுவரும். முதலாவது, குழுப் பெயர் உங்களுடையதுதான் என்று நிறுவ வேண்டும். சொந்த இணையப் பெயர் உள்ளவர் அதன் டிஎன்எஸ் (இணையப் பெயர் அட்டவணை) பதிவில் ஒரு குறிப்பைச் சேர்த்து நிறுவலாம். இல்லாதவர் மூலநிரல்களை வைக்கும் தளமான கிட்ஹப்பின் கணக்கு வழியே உள்நுழைந்தால், அந்தக் கணக்கின் பெயரில் ஒரு குழுப் பெயர் தானாகவே கிடைத்துவிடும். காசு கொடுத்து இணையப் பெயர் வாங்க விரும்பாத நம் போன்றோருக்கு இது பேருதவி. அடுத்து, பொம் கோப்பில் லைப்ரரியின் பெயர், விளக்கம், இணைய முகவரி, உரிமம், எழுதியவர், மூலநிரல் இருக்குமிடம் ஆகிய அனைத்தும் இருக்க வேண்டும். ஜார் கோப்போடு மூலநிரலின் ஜார் ஒன்றும், ஆவணங்களின் ஜார் ஒன்றும் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஜிபிஜி என்ற மின்னணுக் கையொப்பமும், கோப்பு சிதையவில்லை என்று காட்டும் இரண்டு வகைச் சரிபார்ப்புத் தொகைகளும் வேண்டும். பொம் கோப்பையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால் நான்கு கோப்பு, நான்கு கையொப்பம், எட்டுச் சரிபார்ப்புத் தொகை. என் லைப்ரரி நாற்பது கிலோபைட்தான். அதைச் சூழ்ந்து போகிற ஆவணத் தொகுப்போ, உள்ளே தேடல் வசதிக்கான நிரல்களையும் சுமந்துகொண்டு அதைவிடப் பல மடங்கு பெருத்துப்போகிறது.

ஆவணத் தொகுப்பில்தான் முதன்முறை இடறி விழுந்தேன். ஜாவா 8இலிருந்து ஆவணம் உருவாக்கும் கருவி, நிரலுக்குள் எழுதும் குறிப்புரைகளில் உள்ள எச்டிஎம்எல் பிழைகளைக் கண்டால் வேலையையே நிறுத்திவிடும். ஒரு குறிப்புரையில் "நீளம் 3ஐ விடக் குறைவு" என்பதைக் கணிதக் குறியால் எழுதியிருந்தேன். அந்தக் கோணக்குறியை ஒரு குறிச்சொல்லின் தொடக்கமாக எண்ணிக்கொண்டு அது அடம்பிடித்தது. தமிழில் எழுதிய குறிப்புரைகளை அது குறை சொல்லவில்லை என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்.

தமிழ் என்றதும் ஓர் எச்சரிக்கை. என் நிரலுக்குள்ளேயே உயிர்மெய் அட்டவணை ஒன்று தமிழ் எழுத்துகளில் இருக்கிறது. என் லினக்ஸ் கணினியில் கட்டினால் எல்லாம் சரி; உதவிக்கு வந்த தம்பியின் விண்டோஸ் மடிகணினியில் கட்டினால் அதே நிரல் குப்பை எழுத்துகளைக் கக்கியது. யூனிகோடைக் கோப்பில் எழுதும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகள். விண்டோஸின் பழைய மேலைநாட்டுக் குறியாக்கத்தில் படித்தால் ஒன்று மூன்றாகச் சிதறும். இது கட்டப்படும் கணினியைப் பொறுத்து மாறக்கூடும் என்று மேவன் மஞ்சள் நிறத்தில் எச்சரித்துக்கொண்டுதான் இருந்தது, நான்தான் படிக்கவில்லை. பொம் கோப்பில் மூலநிரலின் குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று ஒரு வரி சேர்த்ததும் தீர்ந்தது. 2022 மார்ச்சில் வந்த ஜாவா 18 முதல் யூடிஎஃப்-8 இயல்புநிலையாகிவிட்டது. ஆயினும் பழைய ஜாவாவில் கட்டுகிறவர் எங்கே இருப்பார் என்று தெரியாது. தமிழைத் தொடுகிற எந்த லைப்ரரியிலும் அந்த வரி இருக்கட்டும்.

பழைய ஜாவா என்பது இங்கே கற்பனைப் பேச்சன்று. ஒரு பாடசாலைக் கணினி அறையில் என் லைப்ரரியை ஏற்றியவுடனே, வகுப்புக் கோப்பின் (தொகுத்த ஜாவா நிரலின்) பதிப்பு 61, இங்கு ஏற்கப்படுவது 52 வரை மட்டுமே என்ற பொருளில் பிழை வந்தது. 61 என்பது ஜாவா 17. 52 என்பது ஜாவா 8. நான் புதியதில் கட்டியிருந்தேன், அங்கே இருந்தது பழையது. தொகுப்பானின் வெளியீட்டு இலக்கை 8 என்று குறித்து மறுபடி வெளியிட்டேன். இப்போதைய தொகுப்பான்கள் 8ஐ இலக்காகக் கொள்வது வழக்கொழிந்தது என்று முணுமுணுக்கின்றன. முணுமுணுக்கட்டும், இந்த மாவட்டத்தில் அந்தக் கணினிகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வரை நான் மாற்றப்போவதில்லை.

மறுபடி வெளியிட்டேன் என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். ஒரே பதிப்பு எண்ணில் அது முடியாது. மேவன் சென்ட்ரலில் ஒன்றை ஒருமுறை வெளியிட்டால் அதை அழிக்கவும் முடியாது, மாற்றவும் முடியாது. "ஸ்ரீ" என்ற எழுத்தைத் தவறாக மாற்றுகிற என் 1.0.1 பதிப்பு இன்றும் அங்கே இருக்கிறது, என்றும் இருக்கும், திருத்தம் 1.0.2 என்ற புதிய எண்ணில்தான் போனது. முதலில் இது எனக்கு எரிச்சலூட்டியது. பின்னர், 2016 மார்ச்சில் ஜாவாஸ்கிரிப்ட் உலகின் என்பிஎம் களஞ்சியத்தில் வெறும் பதினொரு வரி கொண்ட ஒரு சிறு துண்டை அதன் ஆசிரியர் நீக்கிக்கொண்டதும், அதை நம்பியிருந்த பெரிய திட்டங்கள் பல ஒரே நாளில் கட்ட முடியாமற்போனதை நினைத்துப் பார்த்தேன். என் கோபத்திலோ சோம்பலிலோ என் லைப்ரரியை நான் பிடுங்கிக்கொண்டு போக முடியாது என்பது, அதை எடுத்துப் பயன்படுத்துகிறவருக்குக் களஞ்சியம் கொடுக்கிற உறுதி. வெளியிடுவதற்கு முன் இணையத்தளத்தில் சரிபார்ப்பு முடிந்து காத்திருக்கிற நிலையில் ஒருமுறை தரவிறக்கிச் சோதித்துவிட்டு, பிழையிருந்தால் அங்கேயே கைவிடலாம். அந்தப் பொத்தானை அவசரமாக அழுத்தாமல் ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டு வருவது என் வழக்கமாகிவிட்டது.

களஞ்சியம் நடத்துகிறவரே கடையைப் பூட்டிவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கும் முன்னுதாரணம் உண்டு. ஜேஃப்ரொக் நிறுவனம் நடத்திய பின்ட்ரேயும் அதைச் சார்ந்த ஜேசென்டரும் ஒருகாலத்தில் ஆண்ட்ராய்டு எழுதுவோரின் செல்லப்பிள்ளைகள். வெளியிடுவது அங்கே மிக எளிது. 2021 பெப்ரவரியில் மூடுவதாக அறிவித்தார்கள், மே மாதம் பின்ட்ரே நின்றது. ஜேசென்டர் வாசிக்க மட்டும் என்ற நிலையில் சில ஆண்டுகள் இருந்து, 2024 ஆகஸ்டிலிருந்து கேட்பவரை மேவன் சென்ட்ரலுக்கே திருப்பி அனுப்புகிறது. சென்ட்ரலின் வெளியீட்டு வாசலும் மாறாமல் இருந்ததில்லை: ஓஎஸ்எஸ்ஆர்எச் என்ற பழைய வழி 2025 ஜூன் 30உடன் முடிந்தது, இப்போது சென்ட்ரல் போர்டல் என்ற புதிய தளத்தின் வழியேதான் அனுப்ப வேண்டும். ஆகவே பழைய கையேடுகளைப் பார்த்து அனுப்ப முயல்கிறவர்கள், சுவரில் முட்டிக்கொள்ளும் முன் கையேட்டின் தேதியைப் பார்க்க வேண்டும். புதிய வழியில் மேவனுக்கு அதிகாரபூர்வச் செருகி இருக்கிறது. கிரேடிலில் முயன்றபோது பிறர் எழுதிய செருகி ஒன்றையே நான் நாட வேண்டியிருந்தது.

ஜிபிஜி திறவுகோலைப் பற்றி ஒரு சொல். திறவுகோலை உருவாக்கி, பொதுப் பாதியைத் திறவுகோல் வழங்கிக்கு அனுப்பி, இரகசியப் பாதியைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். நான் மடிகணினியை மாற்றியபோது பழையதைத் துடைத்துவிட்டேன். திறவுகோலும் அதோடு போயிற்று. களஞ்சியம் புதிய திறவுகோலை ஏற்றுக்கொள்ளும் என்பதால் வெளியீடு நிற்கவில்லை. ஆனாலும் ஒரே லைப்ரரியின் இரு பதிப்புகளில் இரு வேறு கையொப்பங்கள் இருப்பதைக் கவனித்த ஒருவர் மின்னஞ்சலில் ஐயம் கேட்டார், கேட்டது நியாயமே. இப்போது புதிய திறவுகோலின் பிரதி அம்மாவின் நகைப்பெட்டிக்குள் இருக்கிறது.

இவ்வளவு பாட்டுக்குப் பதிலாக ஜிட்பேக் என்ற சேவையை நாடலாமே என்று சிலர் சொல்வார்கள். கிட்ஹப்பில் ஒரு பதிப்புக் குறியை இட்டால் போதும். யாரேனும் முதன்முறை கேட்கும்போது அது தானே கட்டிக் கொடுக்கும். அரைமணி நேரத்தில் நண்பர் ஒருவருக்குச் சோதனைப் பதிப்பைக் கொடுக்க இதைவிடச் சிறந்ததில்லை, நானும் அதற்குப் பயன்படுத்துகிறேன். ஆனால் எடுக்கிறவர் தம் திட்டத்தில் ஒரு கூடுதல் களஞ்சிய வரியைச் சேர்க்க வேண்டும், கையொப்பம் எதுவும் கட்டாயமில்லை, முதலில் கேட்பவர் கட்டி முடியும்வரை காத்திருக்க வேண்டும். கொடுப்பவரின் பாட்டை மிச்சப்படுத்தி அதில் ஒரு பங்கை எடுப்பவரின் தலையில் வைக்கிற முறை இது. நான் ஒருவன், எடுப்பவர் பலர். அந்தக் கணக்கில் எனக்கு உடன்பாடில்லை.

முகவரி முறையின் அருமையை நான் உண்மையாக உணர்ந்தது 2021 டிசம்பரில். நிரல்களின் நிகழ்வுப் பதிவுகளை எழுதும் லொக்ஃபோர்ஜே லைப்ரரியில் மிகக் கொடிய பாதுகாப்பு ஓட்டை ஒன்று இருப்பது தெரியவந்து உலகமே அல்லாடிய வாரம் அது. பிஓஐ வழியாக அந்தப் பெயர் என் லைப்ரரிக்குள்ளும் வருகிறது என்பதால் இரண்டு பேர் பதறிக் கேட்டார்கள். சார்பு மரத்தைக் காட்டும் கட்டளையை ஓட்டியதும் ஒரு நிமிடத்தில் விடை கிடைத்தது: ஓட்டை இருந்தது அதன் "கோர்" பகுதியில், பிஓஐ அழைத்துவருவது "ஏபிஐ" பகுதியை மட்டுமே. பென் டிரைவ் காலத்தில் இதே கேள்வி வந்திருந்தால், "உண்மையான கடைசி" என்ற ஜார் கோப்புக்குள் எது இருக்கிறது என்று எனக்கே தெரிந்திருக்காது.

ஆக, சொந்தப் பயன்பாட்டுக்கும் வகுப்புக்கும் மேவனும் அதன் பிரதி எடுக்கத்தக்க கோப்புறையும். ஆண்ட்ராய்டு எழுதுகிறவருக்குக் கிரேடில். சோதனைப் பதிப்புக்கு ஜிட்பேக். பிறர் நம்பி எடுக்க வேண்டியதற்கு மேவன் சென்ட்ரல் என்பதே என் பரிந்துரை. முதல் வெளியீட்டுக்கு இரண்டு வார இறுதிகளை ஒதுக்கி வையுங்கள். இரண்டாவது வெளியீடு ஒற்றைக் கட்டளையில் முடிந்துவிடும்.

தமிழருக்கென்று ஒரு மனக்குறை மீதமிருக்கிறது. குழுப் பெயரிலும் பொருளின் பெயரிலும் ஆங்கில எழுத்துகள், இலக்கங்கள், புள்ளி, கோடு, அடிக்கோடு தவிர வேறெதையும் மேவன் ஏற்காது. ஆகவே "பாமினி" என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுத வேண்டியதாயிற்று. அதை B என்ற எழுத்தில் தொடங்குபவர் பாதி, P என்ற எழுத்தில் தொடங்குபவர் பாதி. ஓர் எழுத்துக்கூட்டல் முறையில் தேடுகிறவருக்கு மற்ற முறையில் உள்ளது தேடலில் அகப்படுவதில்லை. நல்லவேளையாக, பொம் கோப்பின் விளக்கப் பகுதி தமிழை மறுக்கவில்லை. இரண்டு எழுத்துக்கூட்டல் முறைகளையும், அவற்றுக்கு முன்னால் தமிழில் "பாமினியிலிருந்து யூனிகோடுக்கு" என்பதையும் அங்கே எழுதி வைத்திருக்கிறேன்.